கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஹார்டு டிஸ்க் தகராறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு மாமா மூன்று விஹெச்எஸ் கேசட்டுகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். முப்பது வருஷத்துக்கு முந்தைய சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா அவற்றில் பதிவாகியிருந்தது. அதில் வில்லுப்பாட்டு பாடிய புலவர் இப்போது இல்லை, குடம் அடித்தவரும் இல்லை. அந்த ராத்திரிக்கு ஊரில் மிஞ்சியிருப்பது இந்த மூன்று கேசட்டும்தான்.

"பேரன் ஏத்திப் பாத்தான் மாப்ளே. சரியா பத்தொம்பது நிமிசத்துல நின்னுபோவுது. நாலு தரம் போட்டுப் பாத்துட்டான். ஹார்டு டிஸ்க் போச்சுங்கான்" என்றார்.

டிஸ்க் போகவில்லை. அதை ஃபேட்32 என்ற பழைய முறையில் (ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் வளராது) ஃபார்மேட் செய்திருந்தார்கள், அவ்வளவுதான். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அந்த நாலு தரம் ஓட்டியதில் பழைய டெக்கின் (கேசட் ஓட்டும் விசிஆர்) ரப்பர் உருளை டேப்பைக் கடித்துவிட்டது. சாமக்கொடையில் மேளம் உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில் இப்போது நான்கைந்து விநாடிக்குப் படம் கோடு கோடாகத்தான் வரும். அதை இனி யாராலும் மீட்க முடியாது.

அதனால் எனக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. கம்ப்யூட்டரில் என்ன கோளாறு என்று தேடும்போது அசல் கேசட்டைத் தொடுவதில்லை. வீட்டில் கிடக்கும் ஏதாவது பழைய சினிமா கேசட் ஒன்றைச் சோதனைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அது கடிபட்டால் போகட்டும். அசல் கேசட்டைப் பொறுத்தவரை முதல் வேலை, அதன் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுவது. பிறகு கை தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் மேலே பதியாது. டேப் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்குக்குள் போடவே வேண்டாம். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் காலத்தில் பீரோவுக்குள் இருந்த கேசட்டில் இது சகஜம். போட்டால் டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும்.

இனி ஒவ்வொரு அறிகுறியாகப் பார்ப்போம். அதற்கு முன்னால் ஒரு கணக்கு.

டிஸ்க்குக்கு எவ்வளவு வேலை இருக்கிறது?

நம் ஊர் வீடியோ கேசட்டின் பால் (PAL) முறையில் விநாடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 படம். ஒவ்வொன்றும் 720க்கு 576 புள்ளி. மினிடிவி (MiniDV) கேமராவிலிருந்து ஃபயர்வயர் என்ற இணைப்பு வழியாக வருவது விநாடிக்கு 3.6 எம்பி, அதாவது மணிக்கு 13 ஜிபி. டெக்கின் படத்தைக் கம்ப்யூட்டருக்கு வாங்கித் தரும் ஈஸிகேப் மாதிரியான யூஎஸ்பி குச்சியில் எம்பெக்2 முறையில் 8 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் விநாடிக்கு 1 எம்பிதான். தரம் குறையாத லாஸ்லெஸ் கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை) என்றால் 8 முதல் 10 எம்பி வரை. ஒன்றையும் சுருக்காமல் அப்படியே எடுத்தால் 20.7 எம்பி, மணிக்கு 75 ஜிபி.

பத்து வருஷப் பழைய லேப்டாப் டிஸ்க்கூட விநாடிக்கு 60, 70 எம்பி எழுதும். அப்படியானால் எதற்குத் திணறுகிறது? சராசரி வேகம் இங்கே உதவாது என்பதுதான் காரணம். ஃபைலை காப்பி செய்யும்போது டிஸ்க் இரண்டு விநாடி நின்றால் காப்பியும் இரண்டு விநாடி பொறுத்துக்கொள்ளும். டேப் பொறுக்காது. கன்னடியன் கால்வாயில் முறைத் தண்ணீர் வருகிற மாதிரி அது. நம் மடையில் வரும் நேரத்துக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் தாண்டிப் போய்விடும். 40 மில்லி விநாடிக்கு ஒரு ஃப்ரேம் வந்துகொண்டே இருக்கிறது. டிஸ்க் அரை விநாடி வேறு பக்கம் திரும்பினால், நினைவகத்தில் இடைத்தேக்கம் (பஃபர்) போதாதபோது பன்னிரண்டு ஃப்ரேம் போயிற்று. ஆகவே டிஸ்க் எவ்வளவு வேகம் என்று கேட்பதை விட, எதற்காக இடையில் நிற்கிறது என்று கேட்பதுதான் பலன் தரும்.

அறிகுறி: படம் வெட்டி வெட்டி வருகிறது, டிராப்டு ஃப்ரேம் (பதியாமல் விழுந்த ஃப்ரேம்) எண்ணிக்கை ஏறுகிறது

எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். சொன்ன கையோடு டிஸ்க்கைக் குறை சொல்வார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் டிஸ்க் மேல் தப்பே இருப்பதில்லை.

முதல் சோதனை இது: சோதனைக் கேசட்டின் ஒரே பகுதியை இரண்டு முறை கேப்சர் செய்யுங்கள், அதாவது கம்ப்யூட்டரில் பதியுங்கள். இரண்டு தடவையும் அதே இடத்தில் வெட்டினால் கோளாறு டேப்பிலோ டெக்கிலோ. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் வெட்டினால் கம்ப்யூட்டர் பக்கம்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் டெக்கைக் கழற்றிவிட்டு, அதே மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரை ஒரு டிவிடி பிளேயரில் மாட்டி அரை மணி நேரம் பதியுங்கள். டிவிடி பிளேயரின் சிக்னல் ஆடாது, அசையாது. அதில் ஒரு ஃப்ரேம்கூட விழாமல், டெக்கில் போட்டால் மட்டும் விழுகிறது என்றால் டிஸ்க்கை விட்டுவிடுங்கள். பழைய விஹெச்எஸ் டேப் இழுபட்டுச் சுருங்கியிருக்கும். அதிலிருந்து வரும் சிங்க் துடிப்பு ஒரே சீராக இருக்காது. கேப்சர் குச்சிக்கு எங்கே ஒரு ஃப்ரேம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாமல் போய்விடுகிறது. அதற்கு மருந்து, சிக்னலைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்கிற கருவி, அல்லது அந்த வசதி உள்ளேயே இருக்கும் டெக். சில டிவிடி ரெக்கார்டர்கள் வழியாகச் சிக்னலைக் கடத்தி விட்டாலும் ஓரளவு நிலைப்படும். புது ஹார்டு டிஸ்க் வாங்கினால் இது தீராது.

டிவிடி பிளேயரிலும் ஃப்ரேம் விழுகிறதா? இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பகுதியில் டிஸ்க்கையும் சிபியுவையும் பார்த்துக்கொண்டே பதியுங்கள். சிபியு 90, 100 சதவீதத்தில் நிற்கிறது, டிஸ்க் சும்மா இருக்கிறது என்றால் சுருக்கும் வேலை தாங்கவில்லை என்று பொருள். ஓபிஎஸ் (OBS) என்ற பதியும் மென்பொருளில் புள்ளிவிவரப் பலகையில் என்கோடிங் தாமதத்தால் விட்ட ஃப்ரேம் என்று தனிக் கணக்கே காட்டும். கோடெக்கை இலகுவாக்குங்கள், ப்ரிவ்யூ படத்தை நிறுத்துங்கள்.

சிபியு சாதாரணமாக இருக்கிறது, டிஸ்க்கின் ஆக்டிவ் டைம் 100ஐத் தொடுகிறது, சராசரி ரெஸ்பான்ஸ் டைம் நூற்றுக்கணக்கான மில்லி விநாடிக்கு எகிறுகிறது என்றால் டிஸ்க்கிடம் வேறு யாரோ வேலை வாங்குகிறார்கள். யார் என்று ரிசோர்ஸ் மானிட்டர் பெயரோடு காட்டும். வழக்கமாக இவர்கள்தான்: ஆன்டிவைரஸ், விண்டோஸ் அப்டேட், தேடலுக்கான இண்டெக்சிங், ஒன்டிரைவ். டெஸ்க்டாப்பிலோ டாக்குமெண்ட்ஸிலோ நேராகப் பதிந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் 13 ஜிபி ஃபைலை ஒன்டிரைவ் இணையத்துக்கு ஏற்றப் பார்க்கும். கேப்சருக்கென்று தனி ஃபோல்டர் வைத்து, அதை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேர்த்து, இண்டெக்சிங்கையும் அதற்கு நிறுத்திவிட்டு, கேப்சர் நேரத்தில் வைஃபையை அணைத்துவிடுங்கள். நான் இதைத்தான் செய்கிறேன். வைஃபையை அணைப்பது ஒன்றே பாதித் தொல்லையைக் குறைத்துவிடும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "சி டிரைவ்ல விண்டோஸ் இருக்கு, அதனால டி டிரைவ்ல பதியுறேன் அண்ணாச்சி, தனி டிஸ்க்தானே" என்று நிறையத் தம்பிகள் சொல்கிறார்கள். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டரில் சி, டி, ஈ மூன்றும் ஒரே டிஸ்க்கை வகுந்த துண்டுகள். ஒரே வயலில் மூன்று வரப்பு போட்ட மாதிரி. எழுதும் ஹெட்டெல்லாம் ஒரே கையில் சேர்ந்துதான் நகரும். விண்டோஸ் சி பக்கம் ஏதாவது படிக்கும்போது அந்த ஹெட் டி பக்கத்திலிருந்து ஓடி வந்து திரும்பப் போக வேண்டும். டி டிரைவில் பதிவதால் நல்லதை விடக் கெடுதல்தான் கூடும், ஏனென்றால் ஓடும் தூரம் அதிகம். உண்மையிலேயே இரண்டாவது டிஸ்க் வேண்டும். டெஸ்க்டாப் என்றால் உள்ளே ஒரு சாட்டா டிஸ்க், லேப்டாப் என்றால் யூஎஸ்பி 3 டிஸ்க். கையில் காசு இருந்தால் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போதும். அதில் ஓடுகிற ஹெட்டே கிடையாது என்பதால் மேலே சொன்ன தகராறில் பெரும்பகுதி எழவே எழாது.

பழைய பிசிஐ கேப்சர் கார்டுக்காக விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை இன்னும் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பட்டை வயரில் மாட்டும் பழைய ஐடிஈ டிஸ்க்கில் மொத்தம் ஆறு பிழை சேர்ந்தால் எக்ஸ்பி தானாகவே வேகமான டிஎம்ஏ முறையிலிருந்து படிப்படியாக இறங்கத் தொடங்கி, பிழை தொடர்ந்தால் மெதுவான பிஐஓ முறைக்கு வந்துவிடும். சொல்லாமல் இறங்கும், திரும்ப ஏறவும் செய்யாது. நேற்று வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர் இன்று மவுஸை அசைத்தாலே திணறுகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஈ சேனலைத் திறந்து அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பாருங்கள். பிஐஓ என்று இருந்தால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் புதிதாகக் கண்டுபிடித்து அல்ட்ரா டிஎம்ஏவுக்கு வரும். ஒரு வாரத்தில் மறுபடி இறங்கினால் பட்டை வயரை மாற்றுங்கள். 80 இழை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். 40 இழை வயர் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும்.

அறிகுறி: எப்போதும் குறிப்பிட்ட நிமிஷத்தில் நின்றுவிடுகிறது

கல்லிடைக்குறிச்சிக் கேசட்டின் கதை இதுதான். கோளாறு கடிகாரம் பார்த்து வந்தால் டிஸ்க் பழுதாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. பழுது நேரம் பார்த்து வராது. எல்லைதான் நேரம் பார்த்து வரும்.

ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. மினிடிவி கேமராவின் டிவி (DV) முறையில் பதிந்தால் அது 19, 20 நிமிஷத்தில் நிரம்பும். எம்பெக்2 என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டு நிற்கும். அதனால் அப்படிப் பதிபவர்களுக்கு இது ஃபேட்32 தொல்லை என்று தோன்றுவதே இல்லை. ஒன்பது, பத்து நிமிஷத்திலேயே நின்றால் உங்கள் கேப்சர் மென்பொருள் ஏவிஐ (AVI) என்ற வீடியோ ஃபைல் வகையின் பழைய அமைப்பிலுள்ள 2 ஜிபி எல்லையில் முட்டுகிறது, மென்பொருளை மாற்றுங்கள். மினிடிவி கேமராவுக்கு வின்டிவி (WinDV), மற்றதற்கு விர்ச்சுவல்டப் இரண்டிலும் அந்த எல்லை கிடையாது.

டிஸ்க் எந்த முறையில் இருக்கிறது என்று பார்க்க அதன் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். ஃபேட்32 என்றிருந்தால், உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு எடுத்துவைத்துவிட்டு என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட்டிலும் 4 ஜிபி எல்லை இல்லை, பல தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் ஓடும் என்பது உண்மை. ஆனால் கரண்டு போனால் என்டிஎஃப்எஸ் தன் குறிப்பேட்டைப் பார்த்து எழும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தக் குறிப்பேடு கிடையாது. நம் பக்கத்துக் கரண்டுக்கு என்டிஎஃப்எஸ்தான் தோது. பதிந்து முடித்த பிறகு எக்ஸ்ஃபேட் பென்டிரைவில் போட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துக்கொள்ளலாம். பென்டிரைவில் நேராகக் கேப்சர் செய்ய மட்டும் வேண்டாம்.

ஃபைல் அளவு எல்லை எதிலும் முட்டாமலே 20 நிமிஷத்தில் தடங்கல் வருகிறதா? விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் 20 நிமிஷத்தில் ஹார்டு டிஸ்க்கை உறங்க வைக்கும் அமைப்பு வழக்கமாகவே இருக்கும். பதிந்துகொண்டிருக்கும் டிஸ்க்கை அது அணைக்காது. ஆனால் வேலையில்லாமல் உறங்கிய இன்னொரு டிஸ்க்கை ஏதாவது மென்பொருள் எழுப்பினால், அது சுழன்று எழும் நாலைந்து விநாடி கம்ப்யூட்டரே உறைந்து நிற்கும். அதை "நெவர்" என்று வைத்துவிடுங்கள். லேப்டாப் மூடி, ஸ்லீப், ஸ்க்ரீன்சேவர் எல்லாவற்றுக்கும் அதே.

அறிகுறி: முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு திணறுகிறது

ஈ-180 கேசட் மூன்று மணி நேரம் ஓடும். ஒரு கொடைக்கு மூன்று நாலு கேசட் இருக்கும். அதனால் இந்த அறிகுறி நம்மை நன்றாகவே வாட்டும். இதற்கு நாலு காரணம் நான் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க் நிரம்பிவருவது முதல் காரணம். சுழலும் டிஸ்க்கில் வெளி வட்டத்தில்தான் வேகம். உள்ளே போகப் போக ஏறக்குறையப் பாதியாகும். அதோடு இடம் துண்டு துண்டாகக் கிடக்கும். கால்வாசி இடமாவது காலியாக இருக்கட்டும். டிஸ்க் கிட்டத்தட்ட காலியாக இருக்கும்போது கேப்சரைத் தொடங்குவதே நல்லது. 1 டிபி என்று அட்டையில் போட்டிருந்தாலும் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். அது ஏமாற்று இல்லை, எண்ணும் முறை வேறு.

இரண்டாவது, எஸ்எம்ஆர் வகை டிஸ்க். கையடக்கமான எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் இது நிறைய. ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடத்தைக் கொஞ்சம் ஏற்றி எழுதுவார்கள். இடையில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் மேலே இருக்கும் ஓடுகளை எல்லாம் எடுத்துத் திரும்ப வேய வேண்டும். முதலில் வருவதை ஒரு தனி இடத்தில் வேகமாக வாங்கி வைத்துக்கொண்டு, அது நிரம்பியதும் ஒழுங்குபடுத்த உட்கார்ந்துவிடும், அப்போதுதான் திணறும். பழைய கேப்சரை அழித்து அழித்து எழுதிய டிஸ்க்கில் இது மோசமாகத் தெரியும். பதிந்து முடித்ததைச் சேமித்து வைக்க எஸ்எம்ஆர் டிஸ்க் தாராளமாக ஆகும். கேப்சருக்கு வேண்டாம்.

மூன்றாவது சூடு. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் மொட்டை மாடியை ஒட்டிய அறையில் உட்கார்ந்தால் மனிதனுக்கே தாங்காது. டிஸ்க்கை உறைக்குள்ளேயே வைத்து மெத்தைமேல் போட்டுப் பதிபவர்களைப் பார்த்திருக்கிறேன். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் சூட்டைக் காட்டும். 50 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தி ஆற விடுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் நான் காலை ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் ஒரு கேசட்டை முடித்துவிடுவேன்.

நாலாவது காரணம் டிஸ்க்கே இல்லை: மூன்று மணி நேரம் ஓடிச் சூடான கேப்சர் குச்சி. கையால் தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

அறிகுறி: எக்ஸ்டர்னல் டிஸ்க் நடுவில் காணாமல் போய்த் திரும்ப வருகிறது

டிங் என்று ஒரு சத்தம், டிஸ்க் போய்விட்டது. மறுபடி டிங், வந்துவிட்டது. ஃபைல் போனது போனதுதான். இது பெரும்பாலும் கரண்டும் வயரும் சம்பந்தப்பட்டது. யூஎஸ்பி 2 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும், யூஎஸ்பி 3 துளை 900. பாக்கெட் டிஸ்க் சுழன்று எழும்போது அதைவிடக் கூட இழுக்கலாம். கேபினெட்டின் முன்பக்கத் துளை உள்ளே நீளமான மெல்லிய வயரில் போவதால் இன்னும் பலவீனம். பின்பக்கத் துளையில், குட்டையான நல்ல வயரில் மாட்டுங்கள். ஹப் வேண்டாம்.

கேப்சர் குச்சியையும் டிஸ்க்கையும் பக்கத்துப் பக்கத்து யூஎஸ்பி 2 துளையில் செருகுவது இன்னொரு தப்பு. குச்சி சுருக்காத படத்தை விநாடிக்கு 20 எம்பி அளவில் தள்ளும். யூஎஸ்பி 2 நடைமுறையில் 30, 35 எம்பிக்கு மேல் தாங்காது. படத்துக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் டிஸ்க்குக்குக் கொடுக்கும். டிஸ்க்கை நீல நிறத் துளையிலும் குச்சியை எதிர்ப்பக்கத்துக் கறுப்புத் துளையிலும் மாட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் காணாமல் போனால் பவர் ஆப்ஷன்ஸில், சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியை உறங்க வைக்கும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். வயரை மாற்றுங்கள். வயர் ஆடும்போது துண்டிக்கிறதா என்று அசைத்துப் பார்ப்பது, டிஸ்க் சுழலும்போது கூடாது.

அறிகுறி: கரண்டு போயிற்று, ஃபைல் இருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது

ஆடிக் காற்றில் லைன் உரசி இரண்டு விநாடி கரண்டு போய் வருவது வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதட்டப்பட்டு அந்த ஃபைலை அழிக்க வேண்டாம், அதன் மேல் புதிதாகப் பதியவும் வேண்டாம். படம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். கடைசியில் எழுத வேண்டிய அட்டவணை மட்டும் எழுதப்படவில்லை.

ஏவிஐ என்றால் மீட்பது எளிது. முதலில் ஃபைலை வேறு டிஸ்க்குக்கு ஒரு பிரதி எடுங்கள். பிரதியை விர்ச்சுவல்டப்பில் திறந்தால் அட்டவணை இல்லை என்று கண்டு, தானே முழு ஃபைலையும் படித்துப் புதிய அட்டவணை கட்டும். பிறகு வீடியோ, ஆடியோ இரண்டையும் டைரக்ட் ஸ்ட்ரீம் காப்பி என்று வைத்துப் புதுப் பெயரில் சேமித்தால் தரம் துளியும் குறையாது. எம்பி4 என்றால் கஷ்டம். அதே அமைப்பில் பதிந்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் காட்டி மீட்கும் மென்பொருள்கள் உண்டு, எப்போதும் பலிக்காது. அதனால் ஓபிஎஸ்ஸில் பதிபவர்கள் எம்கேவி முறையில் பதிந்து, முடிந்த பிறகு ரீமக்ஸ் கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளுங்கள். எம்கேவி பாதியில் அறுந்தாலும் அறுந்த இடம் வரை ஓடும்.

ஃபைலின் அளவு பூஜ்யம் என்று காட்டினால் விண்டோஸில் டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க்கை எஃப் விருப்பத்தோடு (chkdsk /f) ஓட்டிப் பார்க்கலாம். அப்புறம் ஃபவுண்ட்.000 என்ற மறைந்த ஃபோல்டரில் பெரிய சிஹெச்கே ஃபைல் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். பெயரின் வாலை ஏவிஐ என்று மாற்றி விர்ச்சுவல்டப்பில் கொடுத்தால் சில சமயம் கிடைக்கும். டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறது என்று உறுதியானால் மட்டும் செக்டிஸ்க். ஏன் என்று அடுத்ததில் வருகிறது.

வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். நிறைய இன்வெர்ட்டரில் யூபிஎஸ் முறை, சாதாரண முறை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சாதாரண முறையில் கரண்டு மாறும் இடைவெளி கூடுதல். ஃபேன் அதைத் தாங்கும், டெஸ்க்டாப் தாங்காமல் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யூபிஎஸ் முறைக்குத் தள்ளுங்கள். டெக்கையும் அதே லைனில் மாட்டுங்கள். டேப்பை உருளையில் சுற்றிய நிலையில் டெக் அணைந்தால் அது சிக்கிக்கொள்ளக்கூடும். நல்ல பேட்டரி உள்ள லேப்டாப் கையில் இருந்தால் கேப்சருக்கு அதைவிட நிம்மதி வேறில்லை.

அறிகுறி: டக் டக் என்று சத்தம், ஃபோல்டர் திறக்கவே அரை நிமிஷம்

இங்கே வேலையை நிறுத்துங்கள். டேப்பை வெளியே எடுங்கள்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தால் டிஸ்க் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்பு தெரியும். நீலம் நல்லது, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு முடிந்தது. நிறத்தோடு நிற்காமல் நாலு வரியைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள்). சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். சி6 மீட்க முடியாதவை. கடைசியாக சி7, வயரில் வந்த பிழைகள். எண்கள் பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில் காட்டப்படும். மெனுவில் பத்தடிமானத்துக்கு மாற்றினால் படிக்கச் சுலபம்.

சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் நல்லது. சாட்டா வயரை மாற்றுங்கள். ஏறிய எண் இறங்காது, இனிமேல் ஏறாமல் இருந்தால் போதும். 05 ஏதோ ஒரு சின்ன எண்ணில் வருஷக்கணக்காக அசையாமல் நின்றால் உடனே ஆபத்தில்லை, ஆனால் அந்த டிஸ்க்கில் நான் கேப்சர் செய்யமாட்டேன். சி5 பூஜ்யத்தைத் தாண்டிவிட்டால் அந்த டிஸ்க் ஒரே செக்டரைத் திரும்பத் திரும்ப முயன்று விநாடிக்கணக்கில் நிற்கும். ஃப்ரேம் விழுவதற்கு அதுவே காரணம். வாரா வாரம் அந்த எண் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த நிலையில் டிஃப்ராக் செய்யாதீர்கள். செக்டிஸ்க்கை ஆர் விருப்பத்தோடு ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் ஓட வைத்து, எஞ்சியதையும் குழப்பிவிடும். ஏற்கெனவே அதில் ஏற்றிய கேசட்டுகள் இருந்தால் அவற்றைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். முக்கியமானதிலிருந்து தொடங்கி நேராகக் காப்பி செய்யுங்கள். காப்பி பாதியில் நின்றால், லினக்ஸ் பென்டிரைவில் கம்ப்யூட்டரை எழுப்பி டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் இன்னொன்றில் பிம்பமாக எடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வரும். டக் டக் சத்தம் விடாமல் கேட்டால் அதுவும் வேண்டாம், அணைத்துவிட்டு மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். மூடியைத் திறந்து பார்ப்பது, ஃப்ரிட்ஜில் வைப்பது இரண்டும் யார் சொன்னாலும் செய்ய வேண்டாம்.

அறிகுறி: படத்தைவிடப் பாட்டு முந்துகிறது

டிராப்டு ஃப்ரேம் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தும் ஒரு மணி நேரத்தில் உதடும் குரலும் மெல்ல மெல்ல விலகினால் டிஸ்க்கை விடுங்கள். படம் குச்சி வழியாகவும் ஒலி சவுண்ட் கார்டு வழியாகவும் வரும்போது இரண்டும் வேறு வேறு கடிகாரத்தில் ஓடும். ஒலியையும் குச்சி வழியாகவே எடுங்கள். ஒரே இடத்தில் சட்டென்று தாவி, அதன்பின் அதே அளவு விலகியே நின்றால் அங்கே ஃப்ரேம்கள் விழுந்திருக்கின்றன; முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள். வில்லுப்பாட்டில் இது சட்டென்று தெரிந்துவிடும்: வீசுகோல் வில்லில் படுவதும் மணி ஒலிப்பதும் ஒன்றாக இல்லையென்றால் பார்ப்பவருக்கு உடனே உறுத்தும். பதிந்ததைச் சரிபார்க்க நான் அந்த இடங்களைத்தான் தேடிப் பார்ப்பேன்.

அறிகுறி: டிஸ்க் நனைந்துவிட்டது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை தாண்டியபோது நம் மாவட்டத்திலும் தூத்துக்குடியிலும் எத்தனையோ வீடுகளில் பீரோ உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. கேசட்டும் போய், அதை ஏற்றி வைத்த டிஸ்க்கும் அதே பீரோவில் இருந்து போனவர்கள் உண்டு. நனைந்த டிஸ்க்குக்குக் கரண்டு கொடுக்கவே கூடாது. "காஞ்சிருச்சி, ஒரு தடவ மாட்டித்தான் பாப்பமே" என்று மாட்டும் அந்த ஒரு தடவையில்தான் போகும். வெயிலில் காய வைப்பதும் அரிசிக்குள் புதைப்பதும் உதவாது; உள்ளே சேறு காய்ந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடேயே காற்றுப் புகாத பையில் போட்டு, தாமதிக்காமல் டேட்டா மீட்பவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

கல்லிடைக்குறிச்சி மாமாவின் மூன்று கேசட்டும் இப்போது இரண்டு டிஸ்க்கில் இருக்கின்றன. ஒன்று ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் அவர் வீட்டில், பரண்மேல். இன்னொன்றைச் சங்கரன்கோவிலில் இருக்கும் அவர் மகள் வீட்டில் வைக்கச் சொல்லி அனுப்பினேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டையும் மாட்டி, ஒரு பத்து நிமிஷம் பாட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். போன தடவை போன் செய்து, பேரன் மாட்டித் தந்ததாகவும், பத்து நிமிஷம் என்று உட்கார்ந்தவர் மூன்று மணி நேரமும் பார்த்துவிட்டுத்தான் எழுந்ததாகவும் சொன்னார்.